போணி நேரத்து வசூல்

தாராவி,
மும்பை.

மதிப்பும் பாசமும் நிறைந்த பெரிய மாமா ஜெயினுலாப்தீன் அவர்களுக்கு, தங்கள் தங்கை சைனபின் மகள் ஹாஃபிஸா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே வாப்பா, உம்மா, நான் மூவரும் இறைவன் கிருபையால் சுகம். மழைதான் நிற்காமல் பெய்கிறது. அங்கே தாங்களும் மாமியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். தங்கள் மூட்டுவலிக்கு அந்தத் தைலம் கேட்டதா? கடையநல்லூர்க் கடையில் ஆள் நடமாட்டமே இல்லை, காலையில் திறந்தால் மத்தியான லுஹர் பாங்கு வரைக்கும் மாமா ஈ ஓட்டுகிறார்கள் என்று மாமி உம்மாவிடம் போனில் சொல்லி வருத்தப்பட்டார்களாம். எல்லாம் சீக்கிரம் சரியாகும். வாப்பா தைத்து அனுப்பிய ஸ்கூல் பைகளாவது பள்ளிக்கூடம் திறந்த வாரத்திலேயே விற்றுத் தீர்ந்துவிட்டன என்று கேட்டு எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம்.

மாமா, முந்தாநாள் தாங்கள் போனில் பேசியதற்கு இதுதான் என் பதில். அன்று நான் லைனில்தான் இருந்தேன். தாங்கள், "ஹலோ, ஹலோ, ஏ சைனபு, லைன் கட்டாயிட்டுட்டீ" என்று சத்தம் போட்டு வைத்துவிட்டீர்கள். கட்டாகவில்லை. பேச ஆரம்பிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான். அதற்குள் தாங்கள் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டீர்கள். "பொம்பளப் புள்ள கடன் வசூலுக்குக் கடை கடையா ஏறி எறங்குதாளாம்லா, குடும்ப மானம் என்னாவது? அடுத்த மாசம் நானே வாரேன். வாரதுக்கு ஒண்ணு, போறதுக்கு ரெண்டு, டிக்கெட் போட்டாச்சு" என்றீர்கள். திரும்பிப் போகும் அந்த இரண்டில் ஒன்று எனக்கு. அந்த ஒன்றை ரத்து செய்ய வேண்டும் என்று கேட்பதற்காகத்தான் எழுதுகிறேன். எனக்கு இந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வர மனசில்லை. உம்மாவைச் சொல்லச் சொன்னேன். "ஒனக்கு வேணும்னா நீயே கேளு. எங்க அண்ணன் வாட்ஸ்அப்புல வந்தா பாதிதான் படிக்கும். தபால்ல வந்தா ரெண்டு தடவ படிக்கும், எழுதிப் போடு" என்று சொல்லிவிட்டார்கள்.

நான் படிப்பை விட்டதே சோம்பலால் என்று ஊரில் பேசுகிறார்களாம். அப்படியில்லை மாமா. ஏழாவது வரை தமிழ் மீடியம். எட்டாவதுக்கு வேறு பள்ளிக்கூடம், இங்கிலீஷ் மீடியம், ஒரு வகுப்பில் எண்பது பிள்ளைகள். காலையில் டீச்சர் பேர் படிக்கும்போது "பிரசென்ட்" என்று சொல்ல வேண்டும். நான் எச்சிலை விழுங்கி வாயைத் திறப்பதற்குள் டீச்சர் அடுத்த பேருக்குப் போய்விடுவார். ஒரு நாள்கூட லீவு போடாமல் போய்க்கொண்டிருந்த என்னை, வருகை போதவில்லை என்று பேரை அடித்துவிட்டார்கள். வாப்பா போய்ச் சண்டை போட்டபோது அந்த டீச்சர், "இந்தப் பொண்ண நான் பார்த்ததே இல்லையே" என்றார். நான் இரண்டாவது பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இந்த வசூல் கம்பெனி எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். வாப்பாவின் பட்டறையில் தைத்த பைகள் எல்லாம் விற்றன, காசு மட்டும் வரவில்லை. கடைசியில் வாப்பா தைத்த நேரத்தைவிடப் பாக்கி கேட்டு அலைந்த நேரம்தான் அதிகம். கோவண்டியிலிருந்து ஒருவர் வந்து தையல் மெஷின்களை விலைக்கு வாங்கி டெம்போவில் ஏற்றிக்கொண்டு போன அன்று, வாப்பா காலிப் பட்டறையில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்துவிட்டு, "இத்தன வருசமா பாக்கி கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு அனுபவம் வந்துருக்குல்லா சைனபு? அத ஏன் வீணாக்கணும்? நம்ம காசத்தான் வாங்க முடியல, அடுத்தவன் காசயாவது வாங்கிக் குடுப்போம்" என்றார்கள். "ஒங்க அனுபவம், கேட்டுட்டு வாங்காம வாரதுல்லா" என்றார்கள் உம்மா. ஆனாலும் பட்டறையின் பழைய போர்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் "நியூ ஸ்டார் வசூல் மையம்" என்று எழுதி மாட்டினார்கள். பழைய ஸ்டார் எங்கே என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை. முதல் பார்ட்டி காட்கோபரில் மொத்தப் பாத்திர வியாபாரம் செய்யும் வானமாமலை அண்ணாச்சி. தாராவிக் கடைகளில் அவருக்கு நிறைய பாக்கி நின்றது. வசூலித்துக் கொடுத்தால் நூற்றுக்குப் பத்து நமக்கு. யாரிடம் வேண்டுமானாலும் கேட்கத் தயாராக இருந்தார்கள் வாப்பா. சொந்தத்துக்குள் மட்டும் பாக்கி கேட்பதில்லை என்று ஒரு கொள்கை உண்டு. அதைப் பற்றி இதில் எழுதக் கூடாது என்று உம்மா சொல்லியிருக்கிறார்கள், அதனால் எழுதவில்லை.

கடன்காரர்கள் பயப்பட வேண்டுமே என்று மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலிருந்து வேல்ராஜ் அண்ணனை வேலைக்கு வைத்தார்கள். ஜிம்முக்குப் போகிறவர், எங்கள் வாசலில் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். பார்த்தால் பயம் வரும், பேசினால் போய்விடும். அவரைச் சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்தவர்கள்தான் எல்லாக் கடையிலும். இவர் மீசையை முறுக்கிக்கொண்டு ஏறினால், "ஏ வேலு, ஒங்க அம்மைக்கு சுகர் எப்படிடே இருக்கு? உக்காரு, ரெண்டு தோச சாப்புடு" என்பார்கள். தின்ற வாயால் எப்படிக் கேட்பது என்று வெறுங்கையோடு திரும்புவார். முதல் வாரத்துக் கம்பெனி வரவு நாலு மத்தியானச் சாப்பாடு, ஒரு சட்டைத் துணி, அரைக் கிலோ அல்வா. செலவு இருநூறு ரூபாய். வாப்பா, "என்னடே செலவு இது?" என்று கேட்டதற்கு, "பாய், அந்தப் பூக்கார அக்கா கஷ்டத்தச் சொல்லி அழுதுட்டாவ. நானும் அழுதுட்டேன். கையில இருந்தத குடுத்துட்டு வந்துட்டேன்" என்றார்.

வேல்ராஜ் அண்ணனை மட்டும் குறை சொல்ல முடியாது மாமா. நம் ஊர் வியாபாரிகளிடம் காசு வாங்க நேரமே இல்லை. காலையில் போணி ஆகாமல், அதாவது முதல் வியாபாரம் நடக்காமல், கல்லாவிலிருந்து பத்து பைசா வெளியே வராது. போணி ஆன பிறகு கூட்டம், நிற்க விடமாட்டார்கள். மத்தியானம் முதலாளி சாப்பிடப் போயிருப்பார். சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டால் லட்சுமி வெளியே போகக் கூடாது. செவ்வாய் ஆகாது, வெள்ளி ஆகவே ஆகாது. வாப்பா பென்சிலை வைத்துக் கணக்குப் பார்த்து, புதன்கிழமை பதினொரு மணி சுமாருக்குக் கொஞ்சம் இடைவெளி இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். போய்ப் பார்த்தால் அந்த நேரத்தில் எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

இந்த நிலைமையில்தான் வேல்ராஜ் அண்ணன் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட, வாப்பாவுக்குக் காய்ச்சல் வந்துவிட, மெயின் ரோட்டில் பாத்திரக் கடை வைத்திருக்கும் நெல்லையப்பன் அண்ணாச்சியிடம் என்னை அனுப்பினார்கள். "வானமாமல அண்ணாச்சி பாக்கி என்னாச்சுன்னு வாப்பா கேக்கச் சொன்னாஹன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வா, அவ்ளோதான்" என்றார்கள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன், நன்றாகவே வந்தது. அவர் ஷட்டரைத் தூக்கி, தண்ணீர் தெளித்து, பத்தி கொளுத்திவிட்டுத் திரும்பி, "என்ன தாயி வேணும்?" என்று கேட்டதும் எல்லாம் போய்விட்டது. இட்லிக் கொப்பரைகளுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றேன். "என்ன வாங்க வந்தோம்னு மறந்துட்டியோ? சரி, நெனப்பு வந்ததும் சொல்லு" என்று அவர் தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தார். அப்போது ஒரு கல்யாணச் சமையல்காரர் டெம்போவோடு வந்து இறங்கி அண்டா, கரண்டி, கொப்பரை என்று பாதிக் கடையைக் காலி செய்துவிட்டார். அண்ணாச்சி முதல் நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மெல்ல என் பக்கம் திரும்பினார். "தாயி, நீ நின்ன நேரம்லா இது! இந்த வருசத்துல இப்படி ஒரு போணி ஆனதில்ல. நீ யாரு மவ?" என்றார். பக்கத்துக் கடைப் பையன், "சிராஜ் பாய் மவ அண்ணாச்சி, பாக்கி கேக்க வந்துருக்கும்" என்றான். நான் தலையாட்டினேன். "தாரேன், தாரேன், பாக்கி எங்க போவப் போவுது? நாளைக்கு வா. கடை தெறக்கும்போதே வந்துரு, என்ன?" என்றார். என்னை யாரும் இவ்வளவு ஆசையாகத் திரும்ப வரச் சொன்னதில்லை மாமா.

வீட்டுக்கு வந்ததும் வாப்பா, "கேட்டியா?" என்றார்கள். "நின்னேன்" என்றேன். "என்ன சொன்னாரு?" "நாளைக்கு வரச் சொன்னாரு." "எல்லாவனும் எனக்கும் அதத்தானட்டீ சொன்னான்" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்கள். மறுநாளும் போனேன், ஒரு ஓட்டல்காரர் வந்து தட்டும் டம்ளரும் அள்ளிக்கொண்டு போனார். அதற்கடுத்த நாள் குழாயில் தண்ணீர் தாமதமாக வந்ததால் பிந்திப் போனேன். அண்ணாச்சி குடை பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்றார். "ஒனக்காவ ஷட்டர பாதிலயே நிப்பாட்டி வச்சிருக்கேன் தாயி, சீக்கிரம் வந்து நில்லு" என்றார். பாக்கி மட்டும் தரவில்லை. தந்துவிட்டால் நான் வரமாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

இந்தச் செய்தி தெரு முழுக்கப் பரவிவிட்டது. பாக்கி வைத்திருந்த ஒருவரும் பத்து பைசா தரவில்லை. எல்லோரும் சிரித்த முகத்தோடு, "நாளைக்குக் காலைல அனுப்புங்க பாய், பொண்ணையே அனுப்புங்க" என்றார்கள். அது போதாதென்று பாக்கி இல்லாதவர்களும் கிளம்பினார்கள். மாட்டுங்காவில் காப்பித்தூள் கடை வைத்திருக்கும் மகாதேவன் சார், வாழ்க்கையில் கடனே வாங்காதவர் என்று பேர் எடுத்தவர், காட்கோபருக்கே போய் வானமாமலை அண்ணாச்சியிடம் ஒரு மூட்டை பித்தளை ஃபில்டர்களைக் கடனுக்கு எடுத்துக்கொண்டு நேராக எங்கள் போர்டைத் தேடி வந்துவிட்டார். "கடன் வாங்கிட்டேன். திருப்பித் தர்றதா உத்தேசமில்லை. பொண்ணை எப்ப அனுப்பறேள்?" என்று வாசலில் நின்று கேட்டார். அவருக்குப் பின்னாலேயே வானமாமலை அண்ணாச்சி வேர்த்து விறுவிறுத்து வந்தார். "ஓய் சிராஜ் பாய், உம்ம கையில குடுத்தப்புறம் எம் பாக்கி ரெண்டு மடங்கா ஆயிட்டுவே! நீரு கடன வசூல் பண்ணுதீரா, இல்ல எனக்குப் புதுசாக் கடன்காரன் புடிச்சுத் தாரீரா?" என்றார்.

அப்போதுதான் வாப்பாவுக்கு ராசி விஷயம் முழுசாகத் தெரிந்தது. சரியான கோபம். நெல்லையப்பன் அண்ணாச்சி, "பாய், பாக்கிய விடும். பாப்பாவுக்கு மாசச் சம்பளம் தாரேன், சும்மா வந்து நின்னாப் போதும்" என்று வேறு சொல்லியிருந்தார். "சகுனம் பாக்கதும் ராசி பாக்கதும் மார்க்கத்துல நமக்கு ஆவாது. எம் மவள எலுமிச்சம்பழம் மாதிரி கடை வாசல்ல தொங்க விடவா? நாளைக்கே கம்பெனிய மூடுதேன். இவள இவ மாமா எப்பவும் சொல்லுதபடி ஊருக்கு அனுப்பிரு" என்று போர்டைக் கழற்ற ஸ்டூலில் ஏறிவிட்டார்கள். வேல்ராஜ் அண்ணன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு அழுதார். போர்டு இறங்கினால் நானும் ஊருக்கு இறங்கிவிடுவேன். எச்சிலை விழுங்கினேன். யாரும் அடுத்த பேருக்குப் போகவில்லை, வாப்பாவுக்கு ஆணி வரவில்லை, அதனால் நேரம் கிடைத்தது. "வாப்பா, நான் பாக்கி கேக்கப் போவல. யாராவது பாக்கில கொஞ்சம் குடுத்தா, அதுக்கு நாம ரசீது குடுக்கணும்லா? அந்த ரசீத மறுநாள் காலைல கொண்டு போயி குடுக்கேன். பாக்கி குடுக்காதவங்களுக்கு ரசீது இல்ல, அங்க நான் போவ மாட்டேன். ரசீது குடுக்கதும் ஹராமா?" என்றேன்.

அடுப்படியில் உம்மா கையிலிருந்து மூடி விழுந்தது. வாப்பா ஸ்டூலில் நின்றபடியே வேல்ராஜ் அண்ணனைப் பார்த்து, "இவளாடே பேசுனா?" என்றார்கள். அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனபோது இமாமிடம், வாங்கிய காசுக்கு ரசீது கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். தாராளமாகக் கொடுக்கலாம், நல்ல பழக்கம் என்று சொன்னாராம். வேறு எதையும் வாப்பா அவரிடம் சொல்லவில்லை.

இப்போது கம்பெனியின் விதி ஒன்றே ஒன்றுதான் மாமா. பாக்கி கட்டினால்தான் ரசீது, ரசீது இருந்தால்தான் நான். யார் முந்திக் கட்டுகிறாரோ அவர் கடைக்கு மறுநாள் முதல் ரசீது. அன்றிலிருந்து எங்கள் வாசலில் வரிசை நிற்கிறது. விளக்கு வைத்த பிறகு காசு கொடுக்கக் கூடாதே, அதனால் சாயங்காலம் ஆனால் ஓட்டமாக வருகிறார்கள். நேற்று நெல்லையப்பன் அண்ணாச்சி கொட்டும் மழையில் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் நோட்டும் ஒரு கையில் செருப்புமாக ஓடி வந்தார். பின்னாலேயே மகாதேவன் சார். "ஓய், நான் மாட்டுங்காலேர்ந்து வரேன், எனக்கு வழி விடும்!" என்றார் இவர். "நான் கடன் வாங்கி அஞ்சு வருசம் ஆச்சுவே, நேத்து வாங்குனவருக்கு என்ன அவசரம்?" என்றார் அவர். வெள்ளிக்கிழமை கட்டக் கூடாது என்பதால் வியாழக்கிழமையே இரண்டு நாள் தவணையைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். வானமாமலை அண்ணாச்சிக்கு முக்கால்வாசி பாக்கி வந்து சேர்ந்துவிட்டது. ஒரு கடன் தீர்ந்தவுடன் பயந்துபோய் அன்றைக்கே புதுச் சரக்கு எடுத்துவிடுகிறார்கள், அதனால் வியாபாரமும் கூடிவிட்டது என்று வாப்பாவுக்குப் போன் செய்து சிரிக்கிறார். வேல்ராஜ் அண்ணனுக்கு வரிசையை ஒழுங்குபடுத்துகிற வேலை. அது அவருக்கு நன்றாக வருகிறது. ஒரு தையல் மெஷினைத் திரும்ப வாங்குவதற்குக் கோவண்டிக்காரரிடம் வாப்பா பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே, குடும்ப மானத்துக்கு இதில் ஒரு குறையும் இல்லை மாமா. நான் யாரிடமும் காசு கேட்பதில்லை, அதட்டுவதில்லை, பேசுவதே இல்லை. ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு, போணி ஆகும் வரை ஓரமாக நிற்கிறேன். பள்ளிக்கூடத்தில் நான் தினமும் இருந்தும் இல்லை என்று எழுதினார்கள். இங்கே ஒரு நாள் பிந்தினால் "பாய் மவளக் காணோமே" என்று தெருவே தேடுகிறது. இதை விட்டுவிட்டு வர முடியவில்லை. தயவு செய்து அந்த ஒரு டிக்கெட்டை மட்டும் ரத்து செய்துவிடுங்கள். தாங்கள் வருவதாக இருந்தால் அவசியம் வாருங்கள், உம்மா நெய்ச்சோறு ஆக்கி வைப்பதாகச் சொன்னார்கள். மாமிக்கு என் ஸலாம், மச்சான்மார்களுக்கும் ஸலாம், குட்டிப் பாப்பாவுக்கு முத்தம். தங்கள் ஆயுளிலும் வியாபாரத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்.

தங்கள் துஆவை நாடும்
மருமகள் ஹாஃபிஸா

பி.கு: கவரை ஒட்டுவதற்கு முன் உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். "அடி கூறுகெட்டவளே, எங்க அண்ணன் கடையில மத்தியானம் வரைக்கும் போணியே ஆவலன்னு மாமி பொலம்பிட்டுக் கெடக்காவ. இதப் படிச்சா அடுத்த மாசம் என்ன, அடுத்த ரயில்லயே வந்து ஒன்னத் தூக்கிட்டுப் போயி கடை வாசல்ல நிப்பாட்டிருவாரு!" என்றார்கள். "மாமாவுக்குச் சகுனம் எல்லாம் பிடிக்காதே" என்றேன். "பிடிக்காதாக்கும்! வாசல்ல எலுமிச்சம்பழம் தொங்குது, கேட்டா கொசுவுக்குங்கும்" என்றார்கள். கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் மனசு வரவில்லை, யாரிடமும் நான் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. ஆகவே மாமா, மேலே எழுதியதைத் தாங்கள் நம்ப வேண்டாம். எனக்கு ராசியே கிடையாது. நான் பிறந்த மாசம் வாப்பாவின் ஸ்கூட்டர் திருட்டுப் போனது. நெல்லையப்பன் அண்ணாச்சிக்குப் போணி ஆனதும் என்னால் இல்லை. எதிர்த்த பாத்திரக் கடைக்காரர் தன் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்க் கடையை மூடியிருந்தார், அதனால் எல்லோரும் இங்கே வந்தார்கள். அவர் நேற்று வந்துவிட்டார், நாளைக்குக் கடை திறக்கிறார். இது நானும் வேல்ராஜ் அண்ணனும் மட்டும் கவனித்த விஷயம். இதற்குப் பிறகும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்றால் மறுக்கவில்லை, வந்து நிற்கிறேன். ஆனால் கம்பெனி விதியை மட்டும் தாங்கள் நம்பலாம், பாக்கி கட்டாத கடையில் நான் நிற்பதில்லை. ஸ்கூல் பைகளுக்கான பணம் வாப்பா கைக்கு வந்த மறுநாள் காலை ரசீதோடு புறப்பட்டுவிடுவேன். தவணையாகவும் கட்டலாம். செவ்வாய், வெள்ளி பார்க்க வேண்டியதில்லை, மாமாவுக்குத்தான் அதில் எல்லாம் நம்பிக்கை இல்லையே.